பட்டாணி அளவுச் சுரப்பியும் ஊர்ப்பட்ட வைத்தியர்களும்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரே படித்துவிடுகிறதாம். நான் ஓய்வு பெறும்வரை காத்திருந்து வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் பழைய துறையிலிருந்து ஒரு இளம் டாக்டர் போனில் கூப்பிட்டார். ஒருவருக்குப் பிட்யூட்டரியில் கட்டி என்று கம்ப்யூட்டர் அடித்துச் சொன்னதாம். திறந்து பார்த்தால் சீழ்.

"மேடம், நீங்க இந்த மாதிரி கேஸ் பாத்திருக்கீங்களாமே. எங்களுக்குக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார்.

கம்ப்யூட்டரையே கேட்கலாமே என்றேன். கேட்டார்களாம். 'மிகவும் அரிது' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டதாம். நல்ல முன்னேற்றம்தான். எங்கள் காலத்தில் அந்தப் பதிலைச் சொல்ல ஒரு பேராசிரியர் தேவைப்பட்டார்.

என் படிப்புக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரணியில் பள்ளிக்கூட வாத்தியார் மகள். சர்ச்சில் பைபிள் வசனம் ஒப்பிக்கும் போட்டியில் முதல் பரிசு, அதே மனப்பாடத் திறமையில் மருத்துவக் கல்லூரி. அதற்குப் பிறகு ஹார்மோன் மருத்துவம் எடுத்தேன். "அது என்னா டாக்டரு? ஊசி போடுவியா, மாட்டியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்ப்பேன் என்றதும் நிம்மதியானார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை.

பிட்யூட்டரி என்பது மூக்கின் வேருக்குப் பின்னால், மூளைக்கு அடியில், எலும்புக்குழியில் உட்கார்ந்திருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி. மெல்லிய ஒரு காம்பில் மூளையிலிருந்து தொங்குகிறது. தைராய்டு, அட்ரினல், சினைப்பை எல்லாம் அதன் உத்தரவுக்குத்தான் காத்திருக்கும். கண் நரம்புகள் அதன் தலைக்கு மேலேயே குறுக்காகப் போகின்றன. அதற்குள் கிருமி புகுவதைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி இருந்தது. பரீட்சையில் வராது என்று சீனியர்கள் சொன்னதால் யாரும் படிக்கவில்லை. கிருமிகளுக்கு எங்கள் பாடத்திட்டம் தெரியாமல் போனது துரதிர்ஷ்டம்.

வாரம் முழுக்கப் பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. சனிக்கிழமைகளில் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நோயாளிகளைப் பார்ப்பேன். புவனா அங்கேதான் வந்தாள். சேவூர் பெண். அப்பா ஏகாம்பரம் பவர்லூம் வைத்திருந்தார். புவனா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வந்தவாசியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் முடிந்திருந்தது.

உள்ளே வந்ததும் அவள் அம்மா சரோஜா முதலில் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார்.

"டாக்டரம்மா, இதுக்கு நாலஞ்சு மாசமா தலைக்குக் குளிக்கல. காலைல எழுந்தா வாந்தி. அதோட…" முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்: "மார்ல பால் வருது."

ஏகாம்பரம் சுவரில் இருந்த தைராய்டு படத்தை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

புவனா அழவில்லை. மெலிந்து, வெளுத்து, உட்காரவே சிரமப்பட்டாள். குரல் மட்டும் வகுப்பறைக் குரல். "மூணு தடவை டெஸ்ட் பண்ணியாச்சு மேடம். மூணு தடவையும் கர்ப்பம் இல்லன்னுதான் வந்துச்சு. சரியா வர்ற வரைக்கும் லேப்பை மாத்திப் பாருன்னு பக்கத்து வீட்டு அக்கா எங்கம்மாகிட்ட சொல்லிகினு இருக்காங்க."

அதுவரை அவளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். தலைவலிக்குக் கண்ணாடி கொடுத்தார் ஒருவர். வாந்திக்கு கேஸ் மாத்திரை கொடுத்தார் இன்னொருவர். சாயங்காலக் காய்ச்சலுக்குக் கல்யாண டென்ஷன் என்று பெயர் வைத்தார் மூன்றாமவர். மகப்பேறு டாக்டர் ஒருவர் ஸ்கேனில் கருப்பை காலியாக இருப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, அம்மாவை வெளியே அனுப்பி, "இப்பவாவது உண்மையச் சொல்லு" என்றாராம். பள்ளி நிர்வாகம், உடம்பு தேறும்வரை வீட்டிலேயே இருக்கும்படி அன்போடு கேட்டுக்கொண்டது. வந்தவாசிக்காரர்கள் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி மட்டும் எந்த லேப்புக்கும் போகாமல் ஜல்தியாக ஊர் முழுக்கப் பரவியது.

"கிளாஸ் எப்படி எடுத்தே? பார்வை எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"போர்டு தெரியுது மேடம். ரெண்டு ஓரத்து பெஞ்சும்தான் தெரியறதில்ல. பிள்ளைங்க அங்க உக்காந்துகினு காப்பி அடிக்குதுங்க. மிஸ்ஸுக்குத் தெரியாதுன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஆரணி வட்டாரத்தில் அவளுடைய நோயை முதலில் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள்தான்.

அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என் மூக்கையே பார்க்க வேண்டும். அவள் பொத்திய கண்ணுக்கு நேரே இருக்கும் என் கண்ணை நானும் பொத்திக்கொள்வேன். பிறகு ஒரு சிவப்புப் பேனா மூடியைக் கைநீட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே கொண்டுவருவேன். சிவப்பு தெரிந்ததும் அவள் சொல்ல வேண்டும். எனக்கு மூடி தெரிந்து வெகுநேரம் ஆகியும் அவள் பேசவில்லை. மூடி என் மூக்குக்கு நேரே வந்த பிறகு, "இப்ப" என்றாள். மற்றக் கண்ணிலும் அதே கதை. இரண்டு பக்க வெளிப்பார்வையும் போயிருந்தது. கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்தைக் கீழேயிருந்து ஏதோ அழுத்தினால்தான் இப்படி ஆகும்.

அவர்களிடம் விளக்கினேன். பால் சுரக்கும் ஹார்மோனை மூளை எப்போதும் அடக்கியே வைத்திருக்கும். அந்த உத்தரவு பிட்யூட்டரியின் காம்பு வழியாகத்தான் இறங்கும். காம்பு நசுங்கினால் உத்தரவு போகாது, பால் வரும். குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"பிரேக் வயரு கட்டான மாதிரி" என்றார் ஏகாம்பரம், படத்தை விட்டுத் திரும்பி.

"அதேதான்."

"அப்போ… தலைக்குள்ள கட்டிங்களா?" என்றார் சரோஜா.

"இருக்கலாம்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "முருகா! கட்டிதானா!" என்று வாய்விட்டு அழுதார். மகள் தலைக்குள் கட்டி என்று கேட்டு ஒரு தாய் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். நம் ஊரில் எது உயிர்க்கொல்லி, எது இல்லை என்பதற்குத் தனிக் கணக்கு.

மறுவாரமே எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எம்.ஆர்.ஐ. அறிக்கை 'பிட்யூட்டரி கட்டி, உள்ளே நீர் கோத்திருக்கிறது' என்று அழகான ஆங்கிலத்தில் வந்தது. ரத்தத்தில் கார்ட்டிசால் அடிமட்டத்தில் இருந்தது. உடம்பு எந்த அதிர்ச்சியையும் தாங்குவதற்கு வேண்டிய ஹார்மோன் அது. காலை வாந்திக்குக் காரணம் அதன் குறைவுதான். தைராய்டு ஹார்மோனும் குறைவு. இதில் ஒரு வரிசை உண்டு. முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன், அதற்குப் பிறகுதான் தைராய்டு மாத்திரை. வரிசையை மாற்றினால் அறிக்கை சரியாகிவிடும், ஆள் இருக்கமாட்டார்.

ஹைட்ரோகார்ட்டிசோன் ஆரம்பித்ததும் வாந்தி நின்றது. எழுந்து உட்கார்ந்தாள். கூடவே தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். சும்மா இல்லை. வார்டு குடத்தைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்காரியின் பாட்டிலைக் கடன் கேட்டாள். குடித்த அளவுக்குச் சிறுநீர் பச்சைத் தண்ணீராகப் போனது. "அந்தப் பொண்ணோட ஒரே பேஜாரு டாக்டர், பெட்பேன் தூக்கியே கை ஓஞ்சுபோச்சு" என்றார் வார்டு ஆயா.

சிறுநீரை அடக்கும் ஹார்மோனும் போய்விட்டது என்று அர்த்தம். கார்ட்டிசால் குறைவாக இருந்தவரை அந்தக் குறை வெளியே தெரியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டுக் கலந்தாய்வு என்று ஒன்று நடக்கும். எல்லாத் துறைப் பெரியவர்களும் வருவார்கள். போண்டா நன்றாக இருக்கும். மெடிசின் துறைப் பேராசிரியர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பால் வருதுல்ல? பால் ஹார்மோனைச் சுரக்கற கட்டி. மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்புங்க" என்றார். பால் ஹார்மோன் லேசாகத்தான் ஏறியிருக்கிறது, அந்த வகைக் கட்டியென்றால் வானத்துக்கு ஏறியிருக்கும் என்றேன். அவர் அடுத்த போண்டாவை எடுத்தார். இன்னொருவர், இது சுரப்பியில் வந்த வெறும் வீக்கம், ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்தால் கரைந்துவிடும் என்றார். கிருமி இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பிட்யூட்டரில கிருமியா? அதெல்லாம் ரொம்ப ரேர்" என்று அறையே சிரித்தது.

சிரிக்காதவர் டாக்டர் பத்மநாபன் ஒருவர்தான். மூளை அறுவைத் துறைத் தலைவர். எனக்குச் சில வருடம் மூத்தவர். யாரையும் திட்டமாட்டார். தப்பு செய்தால், "பிரமாதம்" என்பார். அவரிடம் இரண்டு பிரமாதம் வாங்கியவர்கள் வேறு துறைக்கு மாற்றல் கேட்டுப் போயிருக்கிறார்கள். யாராவது படத்தை நீட்டினால் வாங்கிக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "முதல்ல ஆளைப் பத்திச் சொல்லுங்க" என்பது அவர் வழக்கம்.

அன்றும் படம் அவர் மடியில் கவிழ்ந்து கிடந்தது. "சாயங்காலம் காய்ச்சல் எத்தனை நாளா?" என்றார். மாதக்கணக்கில் என்றேன். "எடை?" குறைந்திருக்கிறது. "தாகம்?" சொன்னேன். அப்போதுதான் படத்தைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"சாதாரணக் கட்டி கண்ணைக் கெடுக்கும், மத்த ஹார்மோனைக் கெடுக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடியே இப்படித் தண்ணி தண்ணியாப் போக வைக்காது. காம்பு தடிச்சிருக்கு. சுத்தி ஓரம் மட்டும் கனமா மின்னுது, நடுவுல ஒண்ணுமில்ல. இது எனக்குப் பிடிக்கல. டிபியா இருக்கலாம்."

"நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருக்கே. டிபி எங்கேயிருந்து வரும்?" என்றார் மெடிசின் பேராசிரியர்.

"நெஞ்சு வழியாத்தான் வரணும்னு டிபிகிட்ட யாரும் சொல்லல போலிருக்கு" என்றார் பத்மநாபன். பிறகு பணிவாக, "போண்டா பிரமாதம்" என்று எழுந்துகொண்டார்.

மூக்கு வழியாகப் போவதென்று முடிவானது. மண்டையைத் திறந்து மேலேயிருந்து இறங்கினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் உள்ளே சீழ் இருந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள நீரில் கொட்டிவிடும். பிறகு கட்டியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்காது.

நானும் அன்று தியேட்டரில் ஒரு மூலையில் நின்றேன். கத்தி எடுக்கும் முன் பத்மநாபன் நர்ஸைப் பார்த்து, "புட்டியைக் காட்டுங்க" என்றார். நர்ஸ் ஃபார்மலின் புட்டியைக் காட்டினார். "இன்னொண்ணு?" என்றார். இன்னொன்று இல்லை. கட்டி என்று எழுதி வந்த நோயாளிக்கு ஒரு புட்டிதான் வழக்கம். ஃபார்மலினில் போட்டால் சதை கெடாமல் இருக்கும், மைக்ராஸ்கோப்பில் அழகாகத் தெரியும். ஆனால் அதில் விழுந்த கிருமி செத்துவிடும். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க முடியாது. இப்படி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் கையில் சிக்கிய குற்றவாளியைக் கொன்றுவிட்டு, பிறகு அவன் பெயரைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"பிரமாதம்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஃபார்மலின் இல்லாத சுத்தமான புட்டிகள் வந்து சேரும்வரை நின்றார். மயக்க மருந்து டாக்டர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அவருக்கு அது கேட்கவில்லை.

மூக்கின் பின்சுவரைத் தாண்டி, எலும்பை மெல்லத் திறந்து, சுரப்பியின் உறை தெரிந்ததும் உடனே கிழிக்கவில்லை. முதலில் ஒரு ஊசியைச் செலுத்தி இழுத்தார். கெட்டியான, மங்கிய மஞ்சள் சீழ் ஏறியது. 'ரொம்ப ரேர்' ஊசிக்குழாய்க்குள் எல்லாருக்கும் தெரியும்படி நின்றது.

வடிந்தவரை வடியவிட்டார். உறையில் சின்னத் துண்டு எடுத்தார். மிச்சத்தைச் சுரண்டவில்லை. "மேல் சவ்வு கிழியக் கூடாது. இருக்கறது இருக்கட்டும், மருந்து பாத்துக்கும்" என்றார். பாதி ஃபார்மலினுக்கு, பாதி கிருமி சோதனைக்கு.

டிபிதான். மைக்ராஸ்கோப்பிலேயே அங்கங்கே தெரிந்தது. பிறகு வளர்த்துப் பார்த்தும் உறுதியானது. மெடிசின் பேராசிரியர் என்னை வராந்தாவில் பார்த்து, "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார். அவருடைய நினைவாற்றலை நான் எப்போதும் மதித்தவள்.

செய்தி வந்தவாசிக்கும் போனது. மாப்பிள்ளையின் அம்மா பழத்தட்டோடு வார்டுக்கு வந்துவிட்டார். புவனா மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தாள். பார்வை திரும்ப ஆரம்பித்திருந்ததால், அந்த அம்மாள் ஓரமாக நுழைந்ததே அவளுக்குத் தெரிந்தது.

"டாக்டர், எங்க பையனுக்கு இன்னும் எடம் அமையல" என்றார் அந்த அம்மாள். "பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தீங்கன்னா சொந்தக்காரங்க வாயை அடைச்சிடலாம்."

நான் பதில் தேடுவதற்குள் புவனா மூக்கடைத்த குரலில் பேசினாள். "ஒண்ணுமில்லாம இல்ல ஆன்ட்டி. இருந்துச்சு. மூக்கு வழியா மண்டைக்குள்ள போய்ப் பாத்துட்டாங்க. உங்களுக்கும் பாக்கச் சொல்லட்டுமா, உள்ள ஏதாவது இருக்குதான்னு?"

ரவுண்ட்ஸ் வந்த பத்மநாபன் வாசலிலேயே திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. டிபி மாத்திரைகளில் ஒன்று, நாம் கொடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்புக்குள் வேகமாகத் தீர்த்துவிடும். அதனால் அளவைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். கூட்டிக் கொடுத்தேன். ஒரு வேளைகூட விடக்கூடாது என்று அப்பா, அம்மா, மகள் மூவரையும் திருப்பிச் சொல்லவைத்து அனுப்பினேன். மூவரும் ஒழுங்காகச் சொன்னார்கள். நான் மறந்தது தாய்மாமாவை.

மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மாத்திரைப் பெயரைப் பார்த்ததும், "இது ஸ்டீராய்டு. முகம் ஊதிப்போவும், எலும்பு கரைஞ்சுபோவும். அந்தம்மா கூட்டி வேற எழுதியிருக்குது பாரு" என்று நிறுத்திவிட்டார். சொந்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் இருக்கும்போது டாக்டர் எதற்கு?

அடுத்த சனிக்கிழமை, ஒரு மொபெட்டில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் துணி மூட்டைபோல் புவனாவை வைத்துக் கொண்டுவந்தார்கள். நாடி கைக்கு எட்டவில்லை. உடம்பு சில்லிட்டு வியர்த்திருந்தது. வாயோரம் வாந்தி. படியேற்ற நேரமில்லை. மருந்துக்கடையிலேயே, கல்லாவுக்குப் பின்னால், தரையில் படுக்கவைத்தேன். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"லோ சுகர் மாதிரி இருக்குது மேடம். குளுகோஸ் குடுக்கலாமா?" என்றார் மாமா.

"நீங்க வாயை மூடுங்க" என்றேன். என் வேலைக்காலத்தில் நான் எழுதிய மிகச் சரியான மருந்துச் சீட்டு அதுதான்.

ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியை நரம்பில் ஏற்றினேன். சலைன் பாட்டிலை ஏகாம்பரம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். "சாமி, சாமி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார். நான் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒரு பாட்டில் முடிந்து அடுத்ததும் பாதி இறங்கிய பிறகுதான் துடிப்பு விரலுக்கு நிலையாக வந்தது. அவள் கண் திறந்தாள். கூரையைப் பார்த்தாள். கடைப் பலகைகளைப் பார்த்தாள். "இட்லி கிடைக்குமா?" என்றாள்.

ஏகாம்பரம் பாட்டிலைப் பிடித்தபடியே அழுதார். அந்த நேரத்தில் கேலி செய்ய எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

டிபி மருந்து ஒன்றரை வருடம் ஓடியது. பார்வை முழுதாக வந்தது. பள்ளி நிர்வாகம் பெருந்தன்மையோடு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. ஓரத்து பெஞ்சுகளில் மதிப்பெண் மளமளவென்று சரிந்ததாகக் கேள்வி. சுரப்பி மட்டும் எழுந்திருக்கவில்லை. ஹைட்ரோகார்ட்டிசோன், தைராய்டு, சிறுநீருக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் ஆயுளுக்கும் என்றேன். "பல்லு விளக்கற மாதிரி நெனச்சுக்கறேன்" என்றாள்.

பிறகு வெம்பாக்கம் பக்கத்து ஆசிரியர் சேகரைக் கட்டிக்கொண்டாள். பெண் பார்க்க வந்த அன்றே தன் மாத்திரைகளையெல்லாம் தட்டில் வைத்து, ஒவ்வொன்றும் எதற்கென்று அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அவர் ஒரு சந்தேகமும் கேட்டாராம். அதனால்தான் சரி என்றாளாம்.

குழந்தை வேண்டும் என்று இருவரும் வந்தார்கள். சுரப்பி தர வேண்டிய உத்தரவுகளை மாதக்கணக்கில் ஊசியாகப் போட்டோம். கர்ப்பமானாள். வயிறு தெரிய ஆரம்பித்தபோது சேவூரில் தெருவே பரிதாபப்பட்டதாம். "பாவம், அந்தத் தலை வியாதி திரும்பிடுச்சு போல, வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு" என்று பேசிக்கொண்டார்கள். இந்த முறை டெஸ்டில் கர்ப்பம் என்று வந்திருந்ததால் ஊர் அதை நம்பவில்லை.

பிரசவத்தன்று கூடவே நின்று ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியை நானே போட்டேன். பெண் குழந்தை, நல்ல தொண்டை. ஆனால் பால் வரவில்லை. பால் ஹார்மோனைச் சுரக்கும் பகுதியும் அந்தச் சீழோடு போயிருந்தது. நாள்கள் போயும் வரவில்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டிய வேலை என்னுடையது. ஒரு காலத்தில் பால் வந்ததற்காக அவளை ஊர் என்ன பாடுபடுத்தியது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய மாமியார் மட்டும், "தாய்ப்பால் இல்லாத பிள்ளை புத்திசாலியா வராதுன்னு சொல்லுவாங்களே டாக்டர்" என்று ஆரம்பித்தார்.

புவனா புட்டியைச் சாய்த்துப் பிடித்து, குழந்தை சப்பும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கணக்கு நான் சொல்லித் தர்றேன் அத்தே" என்றாள். "நீங்க அந்தத் துண்டை எடுங்க, வாயோரம் வழியுது."